ஸ்கூபா சந்தையும் சங்கத்தின் பொறுப்பும்

திருவனந்தபுரம்: கோவளத்தின் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கடற்கரையில், தென்மேற்குப் பருவமழையின் சீற்றம் தணிந்து நீர் தெளியத் தொடங்கும் மாதங்களில், கடலில் கால் நனைத்ததற்கு மேல் அனுபவமில்லாத உல்லாசப் பிரயாணிகள்கூட, முதுகில் சிலிண்டரும் வாயில் ரெகுலேட்டருமாக ஆழத்தை நோக்கி இறங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. விழிஞ்ஞம் முதலிய கரைகளின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக மீனுக்காக அறிந்து வைத்திருந்த கடலடிப் பார்கள், இன்று ஸ்கூபா என்னும் புதிய வர்த்தகத்தின் மூலதனமாக மாறியிருக்கின்றன. அந்தமானின் சுவராஜ் தீவிலும், கர்நாடகத்தின் நேத்ராணியிலும், புதுச்சேரியிலும், இலங்கையின் திருகோணமலையிலும் இந்த வர்த்தகம் முன்பே வேரூன்றிவிட்டது.

ஒரு தொழில் வளர்ந்தால் அதற்குச் சங்கம் தோன்றும். சங்கம் தோன்றினால் அது கண்காட்சி நடத்த விரும்பும். கண்காட்சி நன்றாக நடந்தால், வியாபாரிகளோடு நிற்பானேன், பொதுமக்களையும் உள்ளே அழைத்தால் என்ன என்ற யோசனை எழும். அந்த இடத்தில்தான் சச்சரவும் தொடங்குகிறது. வியாபாரிகளின் நலனைக் காப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம், வாங்குகிறவனுக்கான சந்தையையும் தானே நடத்தலாமா என்பது அமெரிக்க ஸ்கூபா உலகில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் விஷயம். நம் நாட்டிலோ அதே கேள்வி புத்தகம், சினிமா, சுற்றுலா என வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு வேடத்தில் வந்து நின்றிருக்கிறது. கேரளத்தின் சாகசச் சுற்றுலா விரிந்துகொண்டு போகும் இந்தச் சமயத்தில் அக்கேள்வியை முன்கூட்டியே ஆராய்ந்து வைப்பது அவசியமாகிறது.

இரு வகைச் சந்தைகள்

கண்காட்சிகள் இரண்டு வகை. ஒன்று வர்த்தகர்களுக்கு மட்டுமானது; அங்கே உற்பத்தியாளர் தம் சரக்கைக் கடைக்காரருக்குக் காட்டுவார், மொத்த விலை பேசப்படும், வருஷத்துக்கான உத்தரவுகள் எழுதப்படும். மற்றொன்று பொதுமக்களுக்கானது, அங்கே யாரும் சீட்டு வாங்கி நுழையலாம், பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், வாங்கலாம், ஒரு பிரயாணத்துக்கோ பயிற்சிக்கோ முன்பணம் கட்டலாம். முதலாவதில் பேசுகிற இருவரும் தொழிலறிந்தவர்கள். இரண்டாவதில் ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்றெல்லா வித்தியாசங்களும் பிறக்கின்றன.

அமெரிக்காவில் டெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கம், ஆதியில் முக்குளிப்புச் சாதன உற்பத்தியாளர்களின் சங்கமாகத் தோன்றியது; பின்னர் பெயரிலிருந்த 'உற்பத்தியாளர்' என்பதை விட்டுச் 'சந்தைப்படுத்தல்' என்பதை ஏற்று, தொழிலின் எல்லாப் பிரிவினரையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அதன் வருடாந்தரக் கண்காட்சி லாஸ் வேகாஸ், ஆர்லாண்டோ போன்ற நகரங்களில் மாறி மாறி நடைபெறும். 2023-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. தொழிலில் இருப்பவர் என்பதை நிரூபித்தவருக்கே அங்கே அனுமதி. சங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் கண்காட்சியிலிருந்தே வருவதால், 2020-இல் பெருந்தொற்று நேரடிக் கண்காட்சியை நிறுத்தி இணையவழிக்கு மாற்றியபோது, ஒரே நிகழ்ச்சியை நம்பி வாழும் ஸ்தாபனத்தின் நிலை எத்தகையது என்பது எல்லோருக்கும் விளங்கியது. பொதுமக்கள் கண்காட்சி என்னும் இரண்டாவது வருவாய்க்கு ஒரு சங்கம் ஆசைப்படுவதன் காரணத்தை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1966-இல் தொடங்கிய பெர்லின் சுற்றுலாக் கண்காட்சி, பல்லாண்டுகள் வர்த்தக தினங்களை முடித்துக்கொண்டு வார இறுதியில் பொதுமக்களுக்கு வாயிலைத் திறந்து வந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2023-இல் மீண்டும் நேரில் கூடியபோது, பொதுமக்கள் தினங்களை விட்டுவிட்டு வர்த்தகர்களுக்கு மட்டுமான மூன்று நாள் சந்தையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. உலகப் பிரசித்தி பெற்ற ஒரு கண்காட்சியே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கத்தை மாற்றிக்கொண்டது என்றால், இரு வகைகளையும் இணைப்பதில் உள்ள சங்கடம் சிறிதன்று.

சங்கத்துக்குள் இருக்கும் பிளவு

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சங்கம் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றும். டெமாவின் அங்கத்தினர் வரிசையைப் பார்த்தாலே அந்த எண்ணம் கலைந்துவிடும். சாதன உற்பத்தியாளரும் விநியோகஸ்தரும் ஒரு பிரிவு. பயிற்சியளித்துச் சான்றிதழ் தரும் ஸ்தாபனங்கள் ஒரு பிரிவு. பத்திரிகையாளர், ஆலோசகர் முதலியோர் ஒரு பிரிவு. சில்லறைக் கடைக்காரர் ஒரு பிரிவு. பிரயாண ஏற்பாட்டாளரும் கடற்கரை விடுதிகளும் ஒரு பிரிவு. இந்த ஐந்து பிரிவினருக்கும் ஆட்சிக்குழுவில் பிரதிநிதித்துவம் உண்டு. ஆனால் பொதுமக்கள் கண்காட்சி என்றவுடன் இவர்களுடைய நலன்கள் ஐந்து திசைகளில் பிரிந்துவிடுகின்றன.

விடுதிக்காரருக்குப் பொதுமக்களே வாடிக்கையாளர். ஆயிரம் பேர் கூடும் இடத்தில் தம் தீவின் படத்தைக் காட்ட அவர் ஆவலோடு இருப்பார். பயிற்சி ஸ்தாபனங்களுக்குப் புதிய மாணவர் வேண்டும். அவர்களுக்கும் அது ஆதாயமே. உற்பத்தியாளருக்குத் தம் புதிய ரெகுலேட்டரை உபயோகிப்பவரிடமே நேரில் விளக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. சில்லறைக் கடைக்காரரின் நிலையோ வேறு. ஊரில் கடை வைத்து, வாடகை கட்டி, சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரெஸரைப் பராமரித்து, வருஷம் முழுவதும் வாடிக்கையாளரைப் பேணி வருகிறவர் அவர். "என் சந்தாப் பணத்தில் நடக்கும் சங்கம், என் வாடிக்கையாளரை என் கடையைத் தாண்டி உற்பத்தியாளரிடமே அழைத்துக்கொண்டு போவதா?" என்று அவர் கேட்டால், அது பொறாமையால் எழும் கேள்வி ஆகாது.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிதாகக் கடலில் இறங்குவோர் தொகை பெருகாவிட்டால், இருக்கிற வாடிக்கையாளர்களையே எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டு இளைத்துப் போக வேண்டியதுதான். தனித்தனிக் கடைகளால் செய்ய முடியாத பெரிய விளம்பரத்தைச் சங்கம் செய்வதே அதன் தர்மம் என்பது அவர்கள் வாதம். இரண்டு வாதங்களும் தத்தம் அளவில் உண்மையாக இருப்பதனால்தான் சச்சரவு ஓயாமல் நீடிக்கிறது.

இதனிடையே, சங்கத்துக்கு வெளியே நிற்கிற மூன்றாவது தரப்பும் ஒன்று உண்டு. பாஸ்டன் நகரில் 1954-இல் தோன்றிய 'ஸீ ரோவர்ஸ்' என்னும் முக்குளிப்பாளர் கழகம், தொண்டர்களின் உழைப்பைக் கொண்டே வருடாந்தரக் கூட்டங்களை நடத்திப் பெயர் பெற்றது. இத்தகைய கழகங்களும் சிறு தனியார் அமைப்பாளர்களும் வளர்த்த களத்தில், பெரும் பணபலமும் அங்கத்தினர் பட்டியலும் உள்ள ஒரு சங்கம் நுழையுமானால், கடை போடுகிறவர்கள் சங்கத்தைப் பகைத்துக்கொள்ள அஞ்சி அங்கேயே போவார்கள். மற்ற விழாக்கள் ஆதரவின்றி நலியும். மற்ற நாடுகளின் ஏற்பாடு வேறு விதம். ஜெர்மனியில் 1969 முதல் நடைபெறும் டுஸெல்டோர்ஃப் படகுக் கண்காட்சியை நடத்துவது கண்காட்சி நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். சிங்கப்பூரில் 1995-இல் தொடங்கிய ஏடெக்ஸ் கண்காட்சியை நடத்துவது முக்குளிப்புப் பத்திரிகைகளை வெளியிடும் தனியார் நிறுவனம். அங்கும் லாப நோக்கம் இருக்கிறது. ஆயினும் தன் அங்கத்தினருக்கே போட்டியாளராகும் சங்கடம் அவற்றுக்கு இல்லை.

நம் நாட்டின் அனுபவம்

தமிழ் வாசகருக்கு இந்த விவகாரம் புரிவதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1976-இல் அமைந்த தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமாகிய பபாசி, 1977-இல் சென்னையில் தன் முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. வர்த்தகர் சங்கம் ஒன்று பொதுமக்களுக்கென நடத்தும் சந்தைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தென்னாட்டில் அரிது. தமிழில் வாசிப்பு பரவியதில் அந்தக் காட்சியின் பங்கை மறுப்பவர் நன்றி மறந்தவர் ஆவார். எனினும் அங்கத்தினருக்கும் அங்கத்தினரல்லாத சிறு பதிப்பாளருக்கும் இடையே கடை ஒதுக்கீட்டில் எழும் மனத்தாங்கல் அதனுடனேயே வளர்ந்து வந்திருக்கிறது. 2020 ஜனவரியில், அரசுக்கு எதிரான நூல்களை வைத்திருப்பதாகக் காரணம் காட்டி ஒரு கடையைச் சங்கம் அகற்றச் சொன்னபோது, எழுத்தாளர்களும் வாசகர்களும் வெகுண்டெழுந்து கேட்டது, பொதுமக்கள் கூடும் இடத்தில் எது விற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு வர்த்தகர் சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான். இடுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தி ஆனாலென்ன என்கிறது நம் ஊர்ப் பழமொழி. இடுகிறவன் தன்னவனாக இல்லாதவர்களின் கதி என்ன என்பதே இத்தகைய சந்தைகளில் எப்போதும் எழும் கேள்வி.

2023 ஜனவரியில் தமிழக அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பதிப்பாளர்கள் தமக்குள் பேசி முடிப்பதற்கான வர்த்தகச் சந்தை. ஆக, வாசகருக்கானதைச் சங்கமும் வர்த்தகருக்கானதை அரசும் நடத்துகின்றன. ஸ்கூபா உலகின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் தலைகீழான ஏற்பாடு. ஆனால் இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம் என்பதற்கு நல்ல சாட்சி.

கேரளத்தில், விடுதிக்காரரும் பிரயாண ஏற்பாட்டாளரும் படகுவீட்டுக்காரரும் ஆயுர்வேத நிலையத்தாரும் கூடி அமைத்த கேரள டிராவல் மார்ட் சொசைட்டி, 2000 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை கொச்சியில் சுற்றுலாச் சந்தையை நடத்தி வருகிறது; திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுலாத் துறை அதற்குத் துணை நிற்கிறது. வெளிநாடுகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் வர்த்தகரோடு உள்ளூர்க்காரர் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு சந்திப்பதே அதன் உயிர்நாடி. அதன் வெற்றிக்குக் காரணம், யாருக்காக நடத்துகிறோம் என்பதில் மயக்கமின்மை.

சட்டத்தின் கண்ணும் இந்த விஷயத்தில் மூடியிருக்கவில்லை. 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம், தனி நிறுவனங்களின் உடன்படிக்கைகளை மட்டுமல்லாமல், சங்கங்களின் தீர்மானங்களையும் தன் ஆட்சிக்குள் வைத்திருக்கிறது. கேரளத் திரையரங்க உரிமையாளர் கூட்டமைப்பு, கோழிக்கோட்டுத் திரையரங்கு ஒன்றுக்குப் படம் கொடுக்கக் கூடாதென விநியோகஸ்தர்களை நிர்ப்பந்தித்த விவகாரத்தில், 2015-இல் போட்டி ஆணையம் அக்கூட்டமைப்புக்கு அபராதம் விதித்தது. கண்காட்சித் தொழிலிலேயே ஒரு வழக்கு உண்டு. டில்லி பிரகதி மைதானத்தின் நிர்வாகப் பொறுப்பை வகித்த அரசு நிறுவனமே அங்கே தன் சொந்தக் கண்காட்சிகளையும் நடத்தியது. பிறர் நடத்தும் கண்காட்சிகளுக்கிடையே குறுகிய இடைவெளியும், தன் கண்காட்சிக்கு முன்னும் பின்னும் நீண்ட இடைவெளியும் விதித்தது. கண்காட்சி அமைப்பாளர் சங்கம் முறையிட, 2014-இல் ஆணையம் அந்நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அவ்வுத்தரவு நிலைக்கவில்லை. ஆனாலும், மைதானத்தின் சாவியை வைத்திருப்பவரே போட்டியாளராகவும் இறங்கினால் என்ன நேரும் என்பதை அவ்வழக்கு தேசத்தின் முன் வைத்துவிட்டது.

புத்தகம் வேறு, சிலிண்டர் வேறு

இதுவரை சொன்னது வியாபார நியாயம். ஸ்கூபாவில் அதற்கும் மேலான ஒரு விஷயம் இருக்கிறது. புத்தகக் காட்சியில் மோசமான புத்தகத்தை வாங்கினவருக்குப் பணம்தான் நஷ்டம். முக்குளிப்புச் சந்தையில் மோசமான பயிற்சியை வாங்கினவருக்கோ உயிரே நஷ்டமாகலாம்.

கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் வீதம் கூடிக்கொண்டே போகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நிரம்ப மூச்சிழுத்துக்கொண்டு, பயத்தில் அதை வெளிவிடாமல் மேலே பாய்ந்து வருபவரின் நுரையீரலில் உள்ள காற்று, நீர்மட்டத்தை அடைவதற்குள் இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். ஆதலால் மூச்சை அடக்காதே என்பதுதான் ஸ்கூபாவின் முதற்பாடம். அதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம், பயம் வந்த கணத்திலும் உடம்பு அதன்படி நடக்குமாறு பழக்குவதற்கு நல்லாசிரியர் வேண்டும். பிரபலமான பயிற்சி ஸ்தாபனங்கள் முதன்முறை இறங்குபவருக்குப் பன்னிரண்டு மீட்டரையும், ஆரம்பச் சான்றிதழ் பெற்றவருக்குப் பதினெட்டு மீட்டரையும் எல்லையாக வைத்திருப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல. பயிற்சியின் தரத்துக்கும், அதை அளிக்கும் நிலையங்களின் தரத்துக்கும் ஐ.எஸ்.ஓ. வகுத்த சர்வதேச விதிகள் இருக்கின்றன. கண்காட்சிக் கடையில் வண்ணப் படங்களுக்கு முன் நிற்கும் ஒரு குடும்பஸ்தருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. கடை போட அனுமதித்தவர் எல்லாம் பார்த்துத்தானே அனுமதித்திருப்பார் என்று அவர் நம்புகிறார். சந்தையை நடத்துபவரின் பெயரே அவருக்கு உத்தரவாதமாகிவிடுகிறது.

நீரிலும் வானிலும் நடக்கும் சாகச வியாபாரத்தில் அந்த நம்பிக்கை உடைந்தால் என்னவாகும் என்பதற்குத் திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே உதாரணங்கள் உள்ளன. 2023 மார்ச்சில் வர்க்கலையில் பாராகிளைடிங் செய்த இருவர் உயர்ந்த விளக்குக் கம்பத்தில் சிக்கி அந்தரத்தில் தொங்கி, பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டனர். அதே கரையில், திறந்து மூன்று மாதமும் நிறையாத மிதவைப் பாலம் 2024 மார்ச் 9-இல் அலையின் வேகத்தில் குலைந்து, பலர் கடலில் வீழ்ந்து காயமுற்றனர். அரசின் ஆதரவு பெற்ற ஏற்பாடு என்னும் நம்பிக்கையில் அதில் ஏறியவர்கள் அவர்கள். விபத்துக்குப் பின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நடத்தினவர், அனுமதித்தவர், மேற்பார்வையிட வேண்டியவர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது.

சங்கம் செய்யக்கூடிய நற்காரியமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. 1994-இல் அமைந்த இந்திய சாகசப் பிரயாண ஏற்பாட்டாளர் சங்கம், மத்திய சுற்றுலா அமைச்சகத்தோடு சேர்ந்து 2018-இல் வெளிவந்த பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை உருவாக்குவதில் முன்னின்றது. ஸ்கூபாவும் அவற்றுள் அடங்கும். தொழிலின் நுட்பத்தைத் தொழிலில் இருப்பவரைவிட நன்கறிந்தவர் யார்? ஆகையால் விதி வகுப்பதற்குச் சங்கத்தின் துணை இன்றியமையாதது. ஆயினும் விதி வகுப்பதில் துணை நிற்பவரும், விதிப்படி நடப்பதாகச் சொல்பவரிடம் கடைக்கு வாடகை வாங்குபவரும், அவர் உண்மையில் அப்படி நடக்கிறாரா என்று தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே ஆகிவிட்டால், மூன்றாவது வேலைதான் முதலில் கைவிடப்படும். இதற்கு யாரும் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. வாடகை கட்டியவர், அதுவும் தேர்தலில் வாக்களிக்கும் அங்கத்தினர், அவரை வாயிலில் நிறுத்துவது மனித சுபாவத்துக்கு எளிதன்று.

செய்யத்தக்கது எது?

கோவளத்தையோ விழிஞ்ஞத்தையோ முன்னிறுத்தி நாளை ஒரு முக்குளிப்புக் கண்காட்சி பொதுமக்களுக்கென நடைபெறுமானால், அதைச் சங்கம் நடத்தக்கூடாது என்று கூறுவது என் உத்தேசமன்று. அரசு நடத்தினால் மட்டும் குறை வராது என்பதற்கு வர்க்கலையே சாட்சி. தனியார் நடத்தினால் பணம் கொடுத்தவர் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். யார் நடத்துகிறார் என்பதைக் காட்டிலும், நடத்துகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே தலையாய கேள்வி. சங்கம் அங்கத்தினருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஸ்தாபனம். சீட்டு வாங்கி வரும் பொதுஜனத்துக்கோ அதன் சபையில் வாக்கில்லை. அந்தக் குறையை நிரப்பும் ஏற்பாடு இல்லாமல் வாயிலைத் திறக்கலாகாது.

அதற்கு மூன்று பிரிவினைகள் வேண்டும். முதலாவது, கணக்குப் பிரிவினை: கண்காட்சியின் வரவு செலவு சங்கத்தின் பொதுக்கணக்கில் கலவாமல் தனியே எழுதப்பட்டு, அங்கத்தினர் யாவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும், அப்போதுதான் தன் சந்தா தனக்கு எதிராகச் செலவாகிறதா என்று சில்லறைக் கடைக்காரர் தெரிந்துகொள்வார். இரண்டாவது, ஒதுக்கீட்டுப் பிரிவினை: கடைகளின் கட்டணமும் இடமும் அங்கத்தினர், அல்லாதார் என்னும் பேதமின்றி முன்பே அறிவித்த விதிப்படி அமைய வேண்டும், மற்றொரு விழாவில் பங்குபெற்ற காரணத்துக்காக யாரையும் விலக்கலாகாது. மூன்றாவதும் முக்கியமானதும் பாதுகாப்புப் பிரிவினை: எந்த நிலையம் பொதுமக்களுக்குப் பயிற்சியை விற்கத் தகுதியுடையது என்பதைச் சங்கத்தின் தேர்தலுக்கும் வருமானத்துக்கும் அப்பாற்பட்ட நிபுணர்கள் தீர்மானிக்க வேண்டும். கேரள சாகசச் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கமும், கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் கைகோத்தால் அத்தகைய குழுவை அமைப்பது அசாத்தியமான காரியமன்று. கடலடிப் பார்களையும் நீரோட்டத்தையும் அறிந்த உள்ளூர் மீனவருக்கும் அதில் இடம் அளிப்பது முறை.

வாங்குகிறவர்களும் கேட்க வேண்டியவற்றைக் கேட்கப் பழக வேண்டும். ஆசிரியரின் சான்றிதழ் எந்த ஸ்தாபனத்தினுடையது, அது நடப்பில் இருக்கிறதா. ஓர் ஆசிரியரோடு எத்தனை பேர் நீரில் இறங்குவார்கள். சிலிண்டரைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன. இறங்கும் முன் வைத்திய விவரம் கேட்பார்களா. விபத்து நேர்ந்தால் பிராணவாயு படகிலேயே இருக்குமா, அழுத்தச் சிகிச்சை அறை எங்கே. கடல் கெட்டிருந்தால் முன்பணம் திரும்புமா? கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பணம் திரும்பாது என்னும் நிபந்தனைதான் அநேகரை இறங்கக்கூடாத நாளில் கடலில் இறங்கச் செய்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாட்டுக்கும் பொய் விளம்பரத்துக்கும் தம் ஊரிலேயே முறையிடும் உரிமையை நுகர்வோருக்கு அளித்திருக்கிறது. அந்த உரிமை விபத்துக்குப் பின் பயன்படுவது. மேலே சொன்ன கேள்விகளோ விபத்துக்கு முன் பயன்படுபவை.

இக்கேள்விகளுக்கான பதில்களை ஒவ்வொரு கடையின் முகப்பிலும் எழுதி வைத்தால்தான் கடை போட இடம் என்று ஒரு விதி செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நடத்துகிறவரின் மனம் இருந்தால் போதும். அந்த விதியை எந்தச் சங்கம் முதலில் தன் அங்கத்தினர் மீதே விதிக்க முன்வருகிறதோ, அந்தச் சங்கத்துக்குப் பொதுமக்களை அழைத்துச் சந்தை நடத்தும் யோக்கியதை உண்டு என்று நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.